பி.டி. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்

 

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குவதற்கு முன் நம் சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகள் கூடி உட்கார்ந்து ஆசிரியர் பட்டியல் போடுவார்கள். கணக்குக்கு யார், அறிவியலுக்கு யார், ஆங்கிலத்துக்கு யார் என்று அலசுவார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். டீ வந்துவிடும். எழுந்திருக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் மெல்ல, "பி.டி. வாத்தியார்?" என்று கேட்பார். "அது கிடக்கட்டும் பாய், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பதில் வரும். கூட்டம் கலையும்.

அடுத்த வருஷமும் இதே கேள்வி, இதே பதில்!

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர், இளையான்குடி என்று எந்த ஊர்ச் சமுதாயப் பள்ளியாக இருந்தாலும் உங்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் உடற்கல்விக்கென்று முழுநேர ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவர் மைதானத்தில் இருக்கிறாரா, அல்லது வராத ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக் கொள்ளும் ஆளாக, மணி அடிப்பவராக, பிரம்பைப் பிடித்துக் கொண்டு வராந்தாவில் நிற்பவராக மாற்றப்பட்டிருக்கிறாரா? உங்கள் மகளின் நிலை என்ன? அவளுக்குப் பெண் ஆசிரியை இருக்கிறாரா?

இந்தக் கேள்விகளை எந்தப் பள்ளியையும் குறை சொல்வதற்காக எழுப்பவில்லை. அடுத்த ஆசிரியர் நியமனம் நடக்கும்போது பட்டியலின் கடைசியில் கிடக்கும் இந்தப் பணியிடம் முதலிடத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் எழுப்புகிறோம்.

அரசு காட்டிய வழி

முதலில் அரசாங்கத்தின் கதையைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பயிற்றுநர் வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லதுதான். ஆனால் எப்படிப்பட்ட பயிற்றுநர்? பகுதிநேரப் பயிற்றுநர்! உடலும் ஒழுக்கமும் பகுதிநேரச் சமாச்சாரம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் தமிழக அரசு 2011 நவம்பரில் அரசாணை எண் 177-ஐ வெளியிட்டது. 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் உடற்கல்விக்கு 5,392 இடங்கள். ஓவியத்துக்கும் தொழிற்கல்விக்கும் மீதி இடங்கள். கணினி, தையல், இசை, தோட்டக்கலை ஆகியவற்றோடு வாழ்வியல் திறனும் அந்தத் தொழிற்கல்விப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய்!

பத்தாண்டுகள் ஓடின. 2021-இல் அந்தச் சம்பளம் 10,000 ஆனது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தன் அறிக்கையில் இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்று வாக்குறுதி தந்தது. 2023-இல் அவர்கள் சென்னை நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகு 2024-இல் 12,500 ஆனது. போராடிய பிறகு கிடைத்ததும் உயர்வுதானே தவிர நிரந்தரம் அல்ல. முப்பது வயதில் வேலைக்கு வந்தவர் நாற்பதைத் தாண்டிவிட்டார். மனைவி மக்கள் உள்ளவர். மற்ற நாட்களில் பிழைப்புக்கு வேறு வேலை தேடி ஓடுபவர். அவரிடம் போய் "பிள்ளைகளுக்கு வாழ்வியல் திறன் கற்றுக் கொடுங்கள்" என்கிறது அரசாங்கம். அவருடைய வாழ்வுக்கு வழி சொல்லாமல் அவரிடம் வாழ்வியல் பேசுவது எந்த ஊர் நியாயம்?

இடையில் 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் சிறப்பாசிரியர்களுக்காக 1,325 இடங்களை அறிவித்துத் தேர்வு நடத்தியது. அந்த நியமனமும் வழக்கு மன்றப் படிகளில் ஏறி இறங்கியது. மொத்தத்தில் அரசு காட்டிய வழி இதுதான்: இந்தப் பாடம் இரண்டாந்தரம், இந்த ஆசிரியர் மூன்றாந்தரம்.

அரசைக் குறை சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் பள்ளிகளில் நாம் என்ன செய்தோம்?

சட்டம் கேட்காது, இறைவன் கேட்பான்

அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கலாம் என்று உரிமை தருகிறது. அந்த உரிமையின் அடிப்படையில்தான் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பெரிய அமர்வு ஆராய வேண்டும் என 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் தலைமை நீதிபதிக்கு அனுப்பி வைத்தார்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநரைக்கூட வைத்தே ஆக வேண்டும் என்று அது நம் பள்ளிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. உரிமை என்ற பெயரில் நாம் பெற்றது விதிவிலக்கு. விதிவிலக்கை வாங்கிக் கொண்டு பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டால் அதற்குப் பெயர் உரிமையா? நிர்வாக உரிமை என்பது நிர்வாகக் குழுவின் நாற்காலி அல்ல, அது அமானிதம். அதிகாரி கேட்காத இடத்தில் அல்லாஹ் கேட்பான் என்பதை நிர்வாகிகள் மறந்துவிடக் கூடாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"விளையாட்டு எதற்கு? படிப்பு கெட்டுப் போகும். மார்க்கப் பற்றும் குறைந்து போகும்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறோம். ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

பலமான முஃமினும் பலவீனமான முஃமினும் இருவருமே நன்மை உள்ளவர்கள்தாம்; ஆனால் பலமானவரே அல்லாஹ்வுக்கு அதிகப் பிரியமானவர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் நூலில் பதிவாகி உள்ளது. அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நடத்தியதையும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கு நபியவர்கள் துணை நின்றதையும் புகாரியில் காணலாம். தம் மனைவியோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்கிறது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். நபியவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். இதுவும் புகாரியில் உள்ளதுதான். குதிரைக்கே அதனதன் சக்திக்கு ஏற்ற தூரம் வகுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்! நாமோ எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஓடத் தெரிந்த பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கோப்பை வாங்கி வரச் சொல்லிவிட்டு, மீதி நானூறு பேரை மரத்தடியில் உட்கார வைக்கிறோம். குண்டான பையனுக்கும், இளைப்பு உள்ள பெண்ணுக்கும், கால் ஊனமுள்ள பிள்ளைக்கும் ஏற்ற பயிற்சி என்ன என்பதை அறிந்தவர்தான் உடற்கல்வி ஆசிரியர். அதற்காகத்தான் அவர் படித்துவிட்டு வருகிறார்.

தாலூத்தை மன்னராக்கியபோது, அறிவிலும் உடலிலும் அவருக்கு அதிகம் வழங்கப்பட்டது என்ற காரணத்தைத் திருக்குர்ஆன் (2:247) சொல்கிறது. அறிவு, உடல் இரண்டும் சேர்ந்தே பேசப்படுகின்றன. இரண்டையும் பிரித்து ஒன்றுக்குச் சம்பளமும் மற்றதற்குச் சால்ஜாப்பும் வைத்தது நாம்தான்!

வாழ்வியல் திறன் என்றால் என்ன?

சிலர் இதை ஏதோ புதுப் பெயர் என்று நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-களிலேயே பத்துத் திறன்களைப் பட்டியலிட்டது. தன்னை அறிதல், பிறர் துயரை உணர்தல், தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், உணர்ச்சியை அடக்கி ஆளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவையே அவை. இவற்றில் எதை நம் மார்க்கம் சொல்லவில்லை? கோபத்தை அடக்குபவனே வீரன் என்று நம் மிம்பர்களில் ஜும்ஆ தோறும் பேசுகிறோமே, அதுதான்!

ஆனால் மிம்பரில் கேட்பது வேறு; பதினான்கு வயதில் பழகிப் பழகி வருவது வேறு. தோற்ற அணியின் பையன் ஜெயித்தவனோடு கை குலுக்கப் பழகுவது மைதானத்தில்தான். "ஒரு தடவை போட்டுப் பாருடா" என்று நண்பன் நீட்டும்போது "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் தானாக வருவதில்லை. அதைச் சொல்லிப் பழக வேண்டும். பழக்க ஒருவர் வேண்டும்.

இன்றைய நிலவரத்தை நாம் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பள்ளி விட்டதும் பையன் எங்கே போகிறான்? கஞ்சா என்ற சொல் கிராமத்துப் பள்ளி வாசல் வரை வந்துவிட்டது. உதட்டுக்குள் ஒதுக்கிக் கொள்ளும் சின்னச் சின்னப் புகையிலைப் பொட்டலங்கள் மாணவர்களிடையே பரவுவது குறித்து 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. மீதி நேரத்தைக் கைபேசி தின்கிறது. இரவு இரண்டு மணி வரை விளையாடும் பையன் விளையாடாமலே வளர்கிறான். விரல் மட்டும் ஓடுகிறது.

மாலை ஐந்து மணிக்குப் பந்தோடு ஒரு ஆசிரியர் மைதானத்தில் நின்றால் அந்தப் பையன் அங்கே நிற்பான். நிற்காவிட்டால் வேறு யாரோ அவனுக்காக வேறு எங்கோ நிற்கிறார்கள். இதுதான் உண்மை.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்

பெண்களின் நிலை இதைவிட மோசம். "ஆண் வாத்தியார் முன்னால் என் மகள் ஓட மாட்டாள்" என்று ஒரு தகப்பன் சொன்னால் அது நியாயமான பேச்சு. அந்த நியாயத்தைக் கேட்ட நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்? பெண் ஆசிரியை ஒருவரை நியமிக்க வேண்டும். மறைவான இடம், ஹிஜாபுக்கு ஏற்ற தளர்வான உடை, தனி நேரம் ஒதுக்க வேண்டும். நாம் செய்வது என்ன? பெண்களுக்கு அந்தப் பீரியடையே எடுத்துவிடுகிறோம். பர்தாவின் பேரால் நம் சோம்பேறித்தனத்தை மறைத்துக் கொள்கிறோம்!

வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பில் நடக்கும் மாற்றங்களைப் பற்றி அந்தப் பிள்ளை யாரிடம் கேட்பாள்? தவறான நோக்கத்தோடு யாரேனும் நெருங்கினால் யாரிடம் சொல்வாள்? 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்ற சிறுவர் உதவி எண் இருக்கிறது. தமிழகப் பள்ளி மாணவர்களுக்கு 14417 இருக்கிறது. எண்கள் சுவரில் இருந்தால் மட்டும் போதுமா? "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு பெண் பிள்ளை அருகில் வந்து நிற்பதற்கு நம்பிக்கையான ஒரு மனுஷி வேண்டாமா?

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒருவரை வேலைக்கு அமர்த்துவது எப்படி என்பதற்குத் திருக்குர்ஆனிலேயே பாடம் இருக்கிறது. மத்யன் நகரத்துக் கிணற்றடியில், ஆட்டு மந்தைக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு மூஸா (அலை) அவர்கள் உதவினார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக் கொள்ளுங்கள் என்று சொன்னார். அதற்கு அவர் கூறிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை (28:26). பெண் பிள்ளைகளிடம் ஓர் அந்நியர் எப்படி நடந்து கொண்டார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லப்பட்ட சிபாரிசு அது! உடற்கல்வி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் எது?

அடுத்த வசனத்தைப் படியுங்கள். எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து என்று காலம் பேசப்படுகிறது. உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்று வேலை கொடுப்பவரே உறுதி தருகிறார். நம் பள்ளிகளிலோ பத்து மாதம் வேலை, மே மாதம் சம்பளம் இல்லை, ஜூனில் "பார்ப்போம்"! எங்கே இருக்கிறோம் நாம்?

எனவே நிர்வாகிகளுக்கு நாம் முன்வைக்கும் கருத்துகள் இவை:

முதலாவது, தகுதி. பி.பி.எட். அல்லது அதற்கு இணையான படிப்பு முடித்தவரையே எடுங்கள். "நல்லா கிரிக்கெட் ஆடுவான், நம்ம பையன்" என்பது தகுதி ஆகாது. தலைவருடைய மச்சான் என்பதும் தகுதி ஆகாது. தகுதியற்றவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதை மறுமை நாளின் அடையாளமாகவே நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

இரண்டாவது, நேர்முகத் தேர்வை அறைக்குள் முடித்துவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகளைக் கொடுத்து ஒரு பீரியடு மைதானத்தில் விடுங்கள். கெட்டிக்காரப் பையன்களோடு மட்டும் ஆடுகிறாரா, ஓரத்தில் நிற்பவனையும் உள்ளே இழுக்கிறாரா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் எத்தனை மணிக்கு ஓட விடுவீர்கள், ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். போதைப் பழக்கம் உள்ள மாணவனைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "அடிப்பேன்" என்று சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, நம்பகத்தன்மை. முன்பு வேலை செய்த பள்ளியில் நேரில் விசாரியுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு வாங்குங்கள். இதில் முகதாட்சண்யம் வேண்டாம். பிள்ளைகளின் கற்பும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நான்காவது, ஆண் பிள்ளைகளுக்கு ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பெண். இரண்டு பேரை முழுநேரமாக வைக்க வசதி இல்லாத இரண்டு சமுதாயப் பள்ளிகள் ஒன்று சேர்ந்து ஓர் ஆசிரியையைப் பகிர்ந்து கொள்ளலாமே! சம்பளத்தையும் பகிர்ந்து கொள்ளலாமே!

ஐந்தாவது, முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளே இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்பது நம் ஆசை. ஆனால் தகுதியான முஸ்லிம் கிடைக்கவில்லை என்று இடத்தைக் காலியாகப் போடாதீர்கள். ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கே ஆபத்தான அந்தப் பயணத்தில், நபியவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் கூலி பேசி வழிகாட்டியாக அமர்த்தியவர் ஒரு முஸ்லிம் அல்ல. பாதை தெரிந்தவர், நம்பிக்கைக்கு உரியவர். அவ்வளவுதான். நம் பள்ளிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எல்லாச் சமூகத்து ஆசிரியர்களும் பாடம் நடத்துகிறார்கள். செட்டிநாட்டின் பண்பாடு அது.

ஆறாவது, கணக்கு வாத்தியாருக்குக் கொடுப்பதையே இவருக்கும் கொடுங்கள். பன்னிரண்டு மாதமும் கொடுங்கள். உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பத்தாம் வகுப்புக்கு "ஸ்பெஷல் கிளாஸ்" என்று அவருடைய பீரியடைப் பிடுங்காதீர்கள்.

வணிகப் பெருமக்களே!

"பணத்துக்கு எங்கே போவது?" என்று நிர்வாகம் கேட்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லுக்கட்டியிலும் செக்காலை ரோட்டிலும் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நாம் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு கடைகள். கடைக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூபாய். மாதத்தில் இருபத்தைந்து நாள் வியாபாரம். மொத்தம் 25,000 ரூபாய்! ஒரு வாத்தியாரின் சம்பளம் வந்துவிட்டது. ஒரு டீ விலையில் ஒரு தலைமுறையின் உடலும் ஒழுக்கமும்! இதில் ஜகாத்தைக் கலக்க வேண்டாம். ஜகாத் யாருக்கு என்று திருக்குர்ஆன் (9:60) எட்டுப் பிரிவுகளை வகுத்துவிட்டது. இது தர்மமாக, நிலையான நன்மையாக, தனிக் கணக்கில் வரட்டும். வரவு செலவு மாதாமாதம் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படட்டும்.

நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஒரு வியாபாரி. மில் நடத்தியவர். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின் வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கோட்டையூரில் தாம் வாழ்ந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர் அவர். 1957-இல் 47 வயதில் இறந்தார். அவர் விதைத்ததன் பயனை நம் பிள்ளைகளும் இன்று அனுபவிக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே இளையான்குடி முஸ்லிம்கள் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியை எழுப்பிக் காட்டினார்கள். கல்லூரி கட்டிய மாவட்டத்தில் ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் நம்மவர்களின் பெட்டிக்கடைகளும் இருக்கின்றன. உங்கள் கடையில் அந்தச் சரம் தொங்குகிறதா? ஒரு கையால் பள்ளிக்கு நன்கொடை, மறு கையால் மாணவனுக்கு சிகரெட்டா? அந்தச் சரத்தை இன்றே அவிழ்த்துப் போடுங்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

இளைஞர்களே!

இந்த வாத்தியார் வேலைக்கு நீங்கள் ஏன் போகக் கூடாது? வளைகுடா விசாவுக்காக ஏஜெண்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் படித்து முடித்துவிடலாமே! உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரி அழகப்பா பல்கலைக்கழகத்தில், காரைக்குடியிலேயே இருக்கிறது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதன்மையானது என்று பெயர் பெற்றது. பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டாண்டில் பி.பி.எட். சமுதாயம் போராடிப் பெற்ற 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007-இலிருந்து கையில் இருக்கிறது. வாங்கிய உரிமையைப் பயன்படுத்த ஆள் வேண்டாமா? குறிப்பாக நம் சகோதரிகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும். நம் பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை கேட்கும் சமுதாயம், பெண் ஆசிரியைகளை உருவாக்கவும் வேண்டும்.

காவல்துறையில் முஸ்லிம்கள் குறைவு என்று மேடைதோறும் பேசுகிறோம். 2006-இல் சச்சார் குழு அறிக்கை வந்தபோதும் பேசினோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு மட்டுமா? ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். விளம்பரம் வந்த பிறகு ஒரு மாதம் ஓடிப் பழகினால் மூச்சு வருமா? எட்டாம் வகுப்பிலிருந்து ஓடியவனுக்குத்தான் வரும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. சென்னை மண்ணில் பிறந்த முகமது ரியாஸ் இந்திய ஹாக்கி அணிக்காக 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அப்படி வரக்கூடிய பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். கண்டுபிடிக்க வாத்தியார் வேண்டும்.

படிப்பு முடித்த நம் அமைப்பின் இளைஞர்கள், ஆசிரியர் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு, பெற்றோர் கண் முன்னால், மாலை நேரத்தில் மைதானத்தைச் சுத்தம் செய்து, கோடு போட்டு, வலை கட்டிக் கொடுங்கள். கபடிக்கும் கைப்பந்துக்கும் பெரிய செலவு இல்லை. மகர்நோன்புப் பொட்டல் போன்ற திடல்கள் உள்ள ஊர் இது. மக்ரிப் பாங்கு சொன்னதும் விளையாட்டு நிற்கட்டும். எல்லோரும் தொழுகைக்கு நடக்கட்டும். அந்தப் பழக்கம் ஒன்றே பாதி வாழ்வியல் திறன்.

அரசுக்கு நம் கோரிக்கை

வாக்குறுதி எந்தக் கட்சி தந்தது, ஆட்சியில் எந்தக் கட்சி இருக்கிறது என்பது வாத்தியாரின் அடுப்படிக்குத் தெரியாது. 2012 முதல் உழைத்துவரும் பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரப்படுத்துங்கள். உயர்நிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள உடற்கல்வி இடங்களை நிரப்புங்கள். மாணவிகள் படிக்கும் பள்ளிகளில் பெண் உடற்கல்வி ஆசிரியை கட்டாயம் என்று ஆணையிடுங்கள். அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இந்தப் பணியிடங்களை ஒப்பளிப்புச் செய்யுங்கள். பள்ளியைச் சுற்றிய நூறு கஜத்தை அதிகாரிகள் உண்மையிலேயே அளந்து பார்க்கட்டும்.

கோரிக்கை வைப்பது நம் உரிமை. அது நிறைவேறும் வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவன் மூன்றாண்டில் பள்ளியின் கேட்டைத் தாண்டி நம் தெருவுக்கு வருவான். எப்படிப்பட்டவனாக வருவான் என்பதை இந்த ஆண்டின் நியமனப் பட்டியல் ஓரளவு தீர்மானிக்கிறது.

எனவே அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் ஜமாஅத் தலைவரிடமும், பள்ளித் தாளாளரிடமும் போய்ப் பண்போடு கேளுங்கள்: "நம் பள்ளிக்கு பி.டி. வாத்தியார் எப்போது வருகிறார்? பெண் பிள்ளைகளுக்கு டீச்சர் எப்போது வருகிறார்? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் முதல் இரண்டையும் கேட்காதீர்கள்.

அறிவிலும் உடலிலும் ஒழுக்கத்திலும் வலிமை மிக்க தலைமுறையை உருவாக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!